மந்திரித்த பட்டு

நல்லம்பள்ளியில் கல்யாணம் முடிந்து திரும்பும்போது பஸ் வழியில் நின்றுவிட்டது. இசபெல்லா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு ஏற்றக்கூடத் தெம்பில்லை. பட்டுச்சேலையை அவிழ்த்து மடித்து வைக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தபடியே கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தாள்.

கண் விழித்தபோது வெயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தது.

முதலில் நகங்களைப் பார்த்தாள். ரத்தம் இல்லை. கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொட்டாள். ஈரம் இல்லை. இரவில் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. மூன்று வருஷத்தில் அப்படி ஓர் இரவு வந்ததில்லை.

அது 1969-ஆம் வருஷம், ஜனவரி.

மூன்று வருஷத்துக்கு முன் கரும்பாலைக் கொட்டாயில் வெல்லப் பாகு அவள் மேல் கொட்டியது. கொதிக்கும் கொப்பரையில் இரண்டு கழிகளைச் செருகி நான்கு ஆட்கள் தூக்கி மரத்தொட்டியில் ஊற்றுவார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் அவள் குனிந்து சக்கை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கழி தோளிலிருந்து நழுவியது. அந்தத் தோள் அவள் புருஷன் சின்னப்பராஜுடையது. கழி ஈரமாக இருந்தது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு சின்னப்பராஜ் கொப்பரையைத் தூக்கப் போகவில்லை. அடுப்புக்குச் சக்கை தள்ளும் வேலையோடு நின்றுகொண்டான்.

புண் ஐந்து மாதத்தில் ஆறியது. கழுத்துக்குக் கீழிருந்து இடுப்புவரை முதுகு முழுக்கப் புதுத் தோல் வந்தது. மினுமினுப்பாக, கெட்டியாக, வேறு யாருடையதோபோல் இருந்தது. வலி போனது. அரிப்பு வந்தது. பகலில் வேலை இருந்தது, மறந்திருந்தாள். படுத்தால் ஆரம்பிக்கும். கோரைப்பாயில் கோரை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். கம்பளியை நினைத்தாலே உடம்பு கூசும். பழைய நூல்புடவையை நாலாக மடித்து விரித்துப் பார்த்தாள். வேர்வையில் அது முதுகோடு ஒட்டிக்கொள்ளும். திரும்பினால் தோலையும் சேர்த்து இழுக்கும். வாழையிலையில் படுத்தாள். காலையில் இலை காய்ந்து நொறுங்கிக் குத்தும். பாப்பாரப்பட்டிச் சந்தையில் சின்னப்பராஜ் ஒவ்வொரு பாயாகக் கையால் தடவிப் பார்த்து வாங்கி வருவான். நான்கு பாய் வாங்கினான். நான்கும் சுவரோரம் சுருட்டி நின்றன.

பட்டில் தூங்கிய மறுநாள், எதற்கும் பார்ப்போம் என்று மறுபடி நூல்புடவையில் படுத்தாள். விடியும்போது நகத்தில் ரத்தம் இருந்தது. அடுத்த நாள் பட்டுச்சேலையை நாலாக மடித்துக் கட்டிலில் விரித்தாள். தூங்கினாள். ஓரத்து ஜரிகை மட்டும் விலாவில் கம்பிபோல் கீறியிருந்தது.

சேலையை வெட்டுவது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அது அவள் கல்யாணச் சேலை. அரக்கு நிறம். அந்த ஊர்க் கிறிஸ்தவப் பெண்களுக்குக் கல்யாணச் சேலையைக் கோயில் பீடத்தில் வைத்துப் பங்குச் சாமியார் செபம் சொல்லி மந்திரித்துக் கொடுப்பார். பெண் அதைக் கல்யாணத்தில் உடுத்துவாள். அப்புறம் தேர்த் திருநாளுக்கு, நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு. மற்ற நாளெல்லாம் அது பெட்டியில் கிடக்கும். கடைசியில் அவள் செத்தபின் அதைக் கட்டிவிட்டுத்தான் சவப்பெட்டியில் கிடத்துவார்கள். கட்டிவிடுவது மாதா சபைப் பெண்களின் வேலை; இசபெல்லாவும் அந்தச் சபையில்தான் இருந்தாள். அந்தச் சேலை இல்லாமல் குழிக்குப் போன பெண்ணை ஊர் அறியாது.

எதிர்வீட்டுக் கண்ணம்மாளிடம் தையல் மெஷின் இருந்தது. நிலபுலம் உள்ள கவுண்டர் வீடு. பொழுதுபோக்காக ரவிக்கை தைப்பாள். சேலையை மடியில் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதயா வெட்டணும்?"

"ஆமாங்க்கா."

"கல்யாணப் பொடவடி."

"கல்யாணம் ஆயி பதினேழு வருசம் ஆச்சுங்க்கா. இன்னொருக்கா ஆவப் போறதில்ல."

கண்ணம்மாள் சிரித்தாள். "உன் ஊட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"படுத்தா தெரிஞ்சுக்குவாரு."

"நாங்க பட்டக் கட்டிக்கிட்டு பூசை பண்றோம். நீங்க பட்டக் கட்டிப் பொதைக்கறீங்க. பட்டுல தூங்கறேன்னு வந்தவ நீ ஒருத்திதான்." சேலையை ஒருமுறை தடவினாள். கத்தரிக்கோலை எடுத்து இசபெல்லாவின் பக்கம் தள்ளினாள். "தெச்சுக் குடுக்கறேன். வெட்ட மாட்டேன். தாலி கட்டன பொடவயில நான் கத்தரி வெக்க மாட்டேன். நீயே வெட்டு."

இசபெல்லா வெட்டினாள். இரண்டு பக்கக் கரையையும் முந்தானையையும் ஜரிகையோடு எடுத்தாள். மிச்சத்தில் அடியில் விரிக்க ஒரு துண்டு, மேலே போர்த்த ஒரு துண்டு, தலையணைக்கு ஓர் உறை. வெட்டு கோணக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வெட்டினாள்.

சின்னப்பராஜ் அன்றைக்கே தெரிந்துகொண்டான். கட்டிலில் விரித்திருந்த பட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"செத்தா என்னா பண்ணுவ?" என்றான்.

"அப்ப நான் பண்றதுக்கு ஒண்ணும் இருக்காது."

அவன் தன் பாயை எடுத்து உதறிப் படுத்தான்.

பனி மாதத்தில் அந்தப் பட்டு கதகதப்பாக இருந்தது. பிப்ரவரியில் வெயில் ஏறியபோது குளிர்ச்சியாக இருந்தது. திரும்பிப் படுத்தால் அதுவும் சேர்ந்து திரும்பியது, தோலைப் பிடித்து இழுக்கவில்லை. முதுகுக்குத் தடவும் தேங்காயெண்ணெய் முன்பெல்லாம் பொழுது விடிவதற்குள் நூல்துணியில் இறங்கிவிடும். இப்போது பாதிக்கு மேல் தோலிலேயே நின்றது. வாரத்துக்கு ஒருமுறை பூந்திக்கொட்டை நுரையில் அலசி உள்ளேயே கொடி கட்டிக் காயவைத்தாள். பிழியவில்லை.

தூக்கம் வந்ததும் பசி வந்தது. களியில் இரண்டாவது உருண்டை எடுத்துக்கொண்டாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துவது நின்றது. கண்ணம்மாளின் காட்டுக்குக் களையெடுக்கப் போக ஆரம்பித்தாள். மூன்று வருஷத்தில் குனிந்து வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

டவுன் டிஸ்பென்சரியில் சிஸ்டர் முதுகைப் பார்த்துவிட்டு, யார் கொடுத்த மருந்து என்று கேட்டார்.

"மருந்து இல்லீங்க சிஸ்டர். படுக்கை."

சிஸ்டர் விவரம் கேட்டார். கேட்டுவிட்டு, "தழும்பு போகாது. ஆனால் சொறியாமல் இருந்தால் புண் ஆகாது. இதையே வைத்துக்கொள், மாற்றாதே" என்றார்.

தபசு காலம் நெருங்கியது. ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும் ஊரில் யாரும் பட்டு உடுத்துவதில்லை. தபசு தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை எல்லா வீட்டுப் பெண்களும் பெட்டியைத் திறந்து மந்திரித்த சேலையைக் கொடியில் போட்டு வெயில் காட்டுவார்கள். மாலையில் வேப்பிலை வைத்து மடித்தால் ஈஸ்டர் வரைக்கும் பெட்டி திறக்காது. அன்றைக்குத் தெருவில் நடந்தால் எந்தச் சேலை யாருடையது என்று சின்னப் பெண்கள்கூடச் சொல்வார்கள். கொடியில் சேலை இல்லாத வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள்.

காய்ச்சல் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இசபெல்லா அதை யோசித்தாள். யோசித்துவிட்டு, விரிப்பையும் போர்வையையும் தலையணை உறையையும் கொண்டுவந்து வாசல் கொடியில் வரிசையாகப் போட்டாள். ஓரத்துத் தையல் தெருவைப் பார்த்து இருந்தது.

பத்து மணிக்கெல்லாம் மிக்கேலம்மாள் வந்துவிட்டாள். மாதா சபைத் தலைவி. இசபெல்லாவின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஊரில் இருபது வருஷமாகச் செத்த பெண்களுக்கெல்லாம் சேலை கட்டிவிட்டவள். உறையின் மூலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னாடி?"

"தலகாணி உறை, சின்னம்மா."

"எந்தப் பொடவ?"

"பாத்தா தெரியலீங்களா? நீங்கதான அன்னைக்கி மடிப்பு எடுத்துக் கட்டிவுட்டீங்க."

மிக்கேலம்மாள் கொடிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மூன்று பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள்.

"செத்தா என்னாத்தடி உனக்குக் கட்றது?"

"நூல்பொடவ கட்டுங்க. செத்தவளுக்கு அரிக்காது."

வேலியோரம் யாரோ சிரித்து அடக்கினார்கள். மிக்கேலம்மாள் திரும்பிப் பார்த்ததும் அதுவும் நின்றது.

"மந்திரிச்ச துணிடி அது. பீடத்துல வெச்ச துணி. அதப் போயி..." என்று நிறுத்தினாள்.

"அன்னைக்கிச் சாமியாரு பொடவய மட்டுமா மந்திரிச்சாரு? என்னையுந்தான மந்திரிச்சாரு. என் மேல பாகு கொட்டுனப்ப மந்திரிச்ச ஒடம்பு வெந்துபோச்சேன்னு ஒருத்தரும் கேக்கலியே."

"ஆண்டவரு தண்டிச்சா தாங்கிக்கணும். நாளைக்கித் தபசு ஆரம்பிக்குது. ஊரே தரையில படுக்கும். நீ பட்டுல படுப்பியா? அந்த அரிப்ப ஆண்டவருக்கு ஒப்புக்குடுடி."

"மூணு வருசம் ஒப்புக்குடுத்துட்டேன் சின்னம்மா. ஒரு மனுசிக்கு எத்தன தபசு?"

"ஜரிக எங்க?"

"பெட்டியில இருக்குது. வேணுமின்னா எடுத்துக்கிட்டுப் போங்க. மாதா முக்காட்டுக்கு வெச்சுத் தைங்க. மினுக்கறது மாதாவுக்கு இருக்கட்டும். வழுக்கறது எனக்குப் போதும்."

மிக்கேலம்மாள் எழுந்தாள். தன் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "உபதேசியாரு வருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். இசபெல்லா மாலைவரைக்கும் துணியை எடுக்கவில்லை. மற்ற கொடிகளெல்லாம் காலியான பிறகுதான் எடுத்தாள்.

உபதேசியார் மதலைமுத்து வியாழக்கிழமை வந்தார். சாமியாருக்கு ஏழு ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வருவார். மற்ற நாளில் செபமும் ஞானோபதேசமும் உபதேசியார் பொறுப்பு. பெரிய குரல் எடுக்காதவர். உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்.

"இதுல கோவிக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. முறைன்னு ஒண்ணு இருக்குது. மந்திரிச்ச பொருளு வேலைக்கு ஆவாம போயிட்டா எரிச்சுடணும். சாம்பல மந்தைக் குப்பையில கொட்டக் கூடாது, கல்லறையில பொதைக்கணும். அறுந்த செபமால, ஒடஞ்ச மாதா சுரூபம் எல்லாத்துக்கும் அதான். ஞாயித்துக்கெழம பூசைக்கு அப்புறம் வந்து வாங்கிக்கறேன்."

"இது வேலைக்கு ஆவாம போவலீங்களே."

"வெட்டியாச்சே."

"வெட்டி ஓரம் அடிச்சிருக்குதுங்க. பதினேழு வருசம் பெட்டியில வேப்பிலையத் தின்னுக்கிட்டுக் கெடந்துச்சு. இப்பத்தான் தெனமும் வேலை செய்யுது. சிஸ்டரே மாத்தாதன்னு சொல்லிட்டாங்க."

"சிஸ்டரு ஒடம்புக்குச் சொல்வாங்க. ஆத்துமாவுக்கு அவங்க சொல்ல முடியுமா?"

"தூங்காம இருந்தப்ப ஆத்துமான்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியலீங்க. செபம் சொல்ல ஆரம்பிச்சா பாதியில முதுகு கூப்புடும். எரிக்கறதுக்குக் குடுக்க மாட்டேன்."

உபதேசியார் சின்னப்பராஜைப் பார்த்தார். அவன் வாசற்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்னப்பா, நீ சொல்லு. குடுக்கலீன்னா சபையில இருந்து பேர எடுத்துருவாங்க. நாளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா சபைப் பொம்பளைங்க இந்த வாசல்ல கால வெக்க மாட்டாங்க. நல்லா யோசன பண்ணு."

சின்னப்பராஜ் தலையை மட்டும் அசைத்தான். அது சரி என்பதா, கேட்டுக்கொண்டேன் என்பதா என்று உபதேசியாருக்கும் விளங்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சின்னப்பராஜ் வேலைக்குப் போகவில்லை. காலையில் பாப்பாரப்பட்டிக்குப் போய், இலவம்பஞ்சு அடைத்த மெத்தை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். கட்டிலில் போட்டான்.

"இதுல படுத்துப் பாரு. அதக் குடுத்துரலாம்."

இசபெல்லா மெத்தையை அழுத்திப் பார்த்தாள். மெத்தென்றுதான் இருந்தது. மேல்துணி முரட்டு நூல்.

"படுக்கறேன். மேல பட்ட விரிச்சுக்கிட்டு படுக்கறேன்."

"ஊர எதுத்துக்கிட்டு எத்தினி நாளு இருக்க முடியும் புள்ள?"

"நான் யாரையும் எதுக்கலீங்க. படுத்துத் தூங்கறேன்."

அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அன்னைக்கி என் தோளு மட்டும்..." என்று ஆரம்பித்தான்.

மூன்று வருஷத்தில் அவன் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவளும் எடுத்ததில்லை. தூக்கம் வராத ஆயிரம் இரவுகளில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்போதெல்லாம் அந்தப் பேச்சு நாக்கு நுனிவரைக்கும் வந்திருக்கிறது. இப்போது அது அங்கே இல்லை.

"அத இதுல சேக்காதீங்க" என்றாள். "அதுக்காவ எனக்குப் பரிஞ்சுக்கிட்டு வர வேணாம். குடுக்கக் கூடாதுன்னு உங்களுக்கே தோணுச்சுன்னா இருங்க. இல்லீன்னா நாளைக்கி ஆலைக்குப் போயிருங்க. நானே பேசிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இருவரும் போனார்கள். இசபெல்லா எப்போதும் உட்காரும் இடத்தில், மாதா பீடத்துக்கு எதிரில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் ஆள் உட்காரும் இடம் காலியாகவே இருந்தது. நன்மை அப்பம் வாங்கப் போனாள். சாமியார் கொடுத்தார். அவருக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை போலிருந்தது. சொல்லியும் கொடுத்தாரா என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து களி கிண்டினாள். சாப்பிட்டார்கள். மெத்தையைக் கட்டிலில் போட்டு, பட்டை விரித்து, நான்கு பக்கமும் இழுத்துச் செருகினாள். தலையணைக்கு உறை போட்டாள். ரவிக்கையைக் கழற்றிச் சேலையை மார்போடு சுற்றிக்கொண்டு குப்புறப் படுத்தாள். முதுகு கூரையைப் பார்த்து இருந்தது. பட்டுப் போர்வையை இடுப்புவரைக்கும் இழுத்துக்கொண்டாள். கதவு திறந்தே இருந்தது. சின்னப்பராஜ் ஆலைக்குப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

மிக்கேலம்மாளும் உபதேசியாரும் ஒரு மணிக்கு வந்தார்கள். பின்னால் சபைப் பெண்கள் நான்கைந்து பேர். ஒருத்தி கையில் மூடி போட்ட பித்தளைத் தட்டு. துணியை அதில் வைத்து எடுத்துப்போக வேண்டும்.

உபதேசியார் உள்ளே எட்டிப் பார்த்தார். உடனே முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எந்திரிக்கச் சொல்லுப்பா" என்றார்.

"அவகிட்டயே சொல்லுங்க" என்றான் சின்னப்பராஜ்.

மிக்கேலம்மாள் உள்ளே போனாள். கட்டிலின் தலைமாட்டில் நின்றாள்.

"உபதேசியாரு வந்திருக்காரு. ஏன்னு எந்திரிச்சு ஒரு மரியாத குடுக்கறதில்லியா?"

"குடுத்துக்கிட்டுதான் இருந்தேன். இன்னைக்கி எந்திரிச்சா விரிப்ப உருவிக்குவீங்க."

"வம்பு பண்ணாத இசபெல்லா. துணியக் குடு."

"எடுத்துக்கங்க சின்னம்மா. நான் புடிச்சா வெச்சிருக்கறேன்?"

இரண்டு கையையும் தலையணைக்குக் கீழே விட்டுக்கொண்டாள். மிக்கேலம்மாள் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பட்டு நான்கு விரற்கடை வந்தது. அப்புறம் நின்றது. இன்னும் பலமாக இழுத்தாள். கட்டில் முனகியது. இசபெல்லா அசையவில்லை.

"கனமா இருக்கறனா? ரெண்டு மாசமா நல்லா திங்கறேன்."

வெளியே நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். இந்த முறை அடக்கவில்லை.

மிக்கேலம்மாள் துணியை விட்டாள். குனிந்திருந்ததில் அந்த முதுகு அவளுக்கு முழங்கைத் தூரத்தில் இருந்தது. பழைய கீறல்கள் வெள்ளையாகக் கோடு கோடாகத் தெரிந்தன. புதுக்கீறல் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்தாளா இல்லையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பேர எடுத்துருவோம்" என்றாள்.

"எடுத்துருங்க."

"பொணமாக் கெடந்தாலும் நான் வர மாட்டேன்."

"வராதீங்க. எதிரூட்டுக் கண்ணம்மாக்கா வருவாங்க."

"வேத்து மதத்துக்காரி வந்து நமக்குப் பொடவ கட்டறதா?"

"அவங்கதான் தெச்சுக் குடுத்தாங்க. கட்டத் தெரியாதா?"

மிக்கேலம்மாள் வெளியே வந்து உபதேசியாரிடம் நடந்ததைச் சொன்னாள். பெண்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். எரிக்கிற துணிக்கு ஆள் வைத்தா இழுக்க முடியும் என்றாள் ஒருத்தி. சாமியாரிடமே சொல்லிவிடலாம் என்றாள் ஒருத்தி. தட்டு வைத்திருந்தவள் அது கைக்கு வலிக்கிறது என்று இறக்கி வைத்தாள். உபதேசியார் எல்லோரையும் கையமர்த்திவிட்டு, இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"இசபெல்லா, கடைசியாக் கேக்கறேன். இதுக்கப்பறம்..."

சின்னப்பராஜ் எழுந்து வாசலின் குறுக்கே நின்றான். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தான். இசபெல்லாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை தலையணையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. முதுகு சீராக ஏறி இறங்கியது.

"தூங்கிட்டா" என்றான். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

உபதேசியார் மறுபடி பேசியபோது குரல் தானாகவே இறங்கியிருந்தது. ஈஸ்டருக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விஷயம் மேலே போகும் என்று கிசுகிசுத்தார். அப்படிச் சொன்னது அவருக்கே சரியாக வரவில்லை. சின்னப்பராஜ் கேட்டுக்கொண்டான். வாசலை விட்டு நகரவில்லை.

பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். கடைசியில் மிக்கேலம்மாள் தட்டைத் தானே எடுத்துக்கொண்டாள்.

இசபெல்லா நான்கு மணிக்கு எழுந்தாள்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க. ஈஸ்டருக்குள்ள வருவாங்களாம்."

"வரட்டும்" என்றாள். மெத்தையின் அடியிலிருந்து வெளியே வந்திருந்த நான்கு விரற்கடைத் துணியை உள்ளே தள்ளி இறுக்கமாகச் செருகினாள்.